கடலூர் மாநகராட்சி வார்டு தேர்தலில் சுயேச்சையாக நிற்க வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த மாமன்றத்துக்கு 2027 மார்ச்சோடு ஐந்தாண்டு முடிகிறது. அடுத்த தேர்தலில் கவுன்சிலருக்கு நில்லுங்கள் என்று தெருவில் பலர் சொல்கிறார்கள். எனக்கும் விருப்பம் இருக்கிறது. எந்தக் கட்சியிலும் நான் இல்லை, சேரும் எண்ணமும் இல்லை.

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது, தெருவிளக்கு பாதி எரிவதில்லை, குப்பை வண்டி வரும் நேரம் யாருக்கும் தெரிவதில்லை. இதையெல்லாம் மனு எழுதி எழுதிக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். மன்றத்துக்குள் உட்கார்ந்து கேட்டால் என்ன என்று தோன்றுகிறது.

பணம் அதிகம் இல்லை. கூட வர ஏழெட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். தேர்தல் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல முடிவு அம்மா. முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். 2022-ல் இருந்ததை வைத்துச் சொல்கிறேன், அடுத்த அறிவிப்பு வரும்போது தொகைகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். கடலூர் மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இருந்தால் நகரத்தின் எந்த வார்டிலும் நிற்கலாம். ஆனால் உங்களை முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். இது முக்கியம். உங்கள் வார்டு பெண்களுக்கா, பொதுவா, ஆதிதிராவிடருக்கா என்பது இடஒதுக்கீட்டு அறிவிப்பு வரும்போதுதான் உறுதியாகும். பக்கத்து வார்டுக்கு மாற வேண்டி வந்தால் அங்கே முன்மொழிய ஒருவர் வேண்டும். இப்போதே இரண்டு வார்டிலும் நம்பகமான ஆளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 2,000. செலவு உச்சவரம்பு சென்னைக்கு 90,000, நம்மைப் போன்ற மற்ற மாநகராட்சிகளுக்கு 85,000. முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்களும் ஒப்படைக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கணக்கு தராதவர்களை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்ய மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. டீ வாங்கிய ரசீது முதல் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் எதிலும் பாக்கி வைக்காதீர்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் யாராவது மாநகராட்சி ஒப்பந்த வேலை எடுத்திருந்தால் மனுப் போடும் முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

---

பழைய பூத் ஏஜென்ட் எழுதியது:

உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் நாள் கணக்கு. 2022-ல் மனுத் தாக்கல் ஜனவரி 28-ல் தொடங்கி பிப்ரவரி 4-ல் முடிந்தது. 5-ஆம் தேதி பரிசீலனை, 7-ஆம் தேதி வாபஸ். அதற்கு அப்புறம்தான் இறுதிப் பட்டியல், சுயேச்சைகளுக்குச் சின்னம். 17-ஆம் தேதி மாலை பிரசாரம் ஓய்ந்தது. 19-ல் ஓட்டு. அதாவது சின்னம் கையில் கிடைத்த பிறகு உங்களுக்கு இருப்பது பத்தே நாள். கட்சிக்காரர்களின் சின்னம் ஐம்பது வருடமாகச் சுவரில் இருக்கிறது. உங்களுடையதை மக்கள் அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்ப்பார்கள். ஆகவே உங்கள் முகமும் பெயரும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பத்து நாளில் சின்னத்தை மட்டும் சொன்னால் போதும் என்ற நிலையில் நீங்கள் இருக்க வேண்டும்.

அடுத்து ஓட்டுக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் கடலூர் நகராட்சியில் 1,73,000 பேருக்குச் சற்று மேல். 45 வார்டு. சராசரியாக ஒரு வார்டுக்கு 3,900 பேர் வருகிறது. வாக்காளர்கள் மூவாயிரத்தை ஒட்டி இருப்பார்கள் என்று வையுங்கள். 2022-ல் தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் மொத்தமாகப் பதிவானது 52 சதவீதம் சொச்சம். உங்கள் வார்டில் 60 சதவீதம் என்றே வைத்தாலும் 1,800 ஓட்டு. நான்கைந்து பேர் போட்டியிட்டால் 700, 800 வாங்கியவர் ஜெயித்துவிடலாம். இது உங்களைப் போன்ற ஒருவர் நேரில் பார்த்துப் பேசி முடிக்கக்கூடிய எண்ணிக்கை. எம்எல்ஏ தேர்தலில் இது நடக்காது, வார்டில் நடக்கும்.

அதனால் மேடை, மைக் என்று யோசிக்காதீர்கள். பட்டியலில் இருந்து தொடங்குங்கள். உள்ளாட்சிக்குத் தனியாக வாக்காளர் பட்டியல் தயாரிப்பதில்லை, சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். பிரிக்கும்போது எல்லையில் இருக்கும் தெரு பக்கத்து வார்டுக்குப் போய்விடும். ஒரே வீட்டில் கணவருக்கு ஒரு பூத், மனைவிக்கு வேறு பூத் வரும். வீடு மாறிப் போனவர், இறந்து போனவர் பெயர் நிற்கும், இருப்பவர் பெயர் விடுபடும். நீங்களும் உங்கள் தோழிகளும் இப்போதே பாகம் பாகமாகப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சரிபாருங்கள். விடுபட்டவருக்குப் படிவம் வாங்கி நிரப்பிக் கொடுங்கள். ஓட்டுக் கேட்காதீர்கள், அந்த வேலையை மட்டும் செய்யுங்கள். புதிதாக 18 ஆன பிள்ளைகளுக்குப் பெயர் சேர்த்துக் கொடுத்தவரை அந்த வீடு மறக்காது.

தேர்தல் அன்றைக்கு ஒவ்வொரு பூத்திலும் உங்கள் ஏஜென்ட் உட்கார வேண்டும். காலையில் மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டும்போதே அவர் அங்கே இருக்க வேண்டும். சுயேச்சைகள் பலருக்கு ஏஜென்ட் போடவே ஆள் இருப்பதில்லை. உங்கள் ஏழெட்டுப் பெண்களில் தெருவில் எல்லாரையும் முகம் பார்த்துச் சொல்லக்கூடியவர்களை இதற்கு ஒதுக்குங்கள். வேறு பெயரில் ஓட்டுப் போட வருகிறவரைத் தடுக்க அந்த முகப் பழக்கம்தான் உதவும்.

---

புதுப்பாளையம் வாசி எழுதியது:

பெரியவர் சொல்வது எல்லாம் சரி. ஆனால் ஓட்டுக்கு முந்தின இரவு பணம் வரும். அந்த ஒரு இரவில் ஆறு மாத உழைப்பு போய்விடும். இதை மறைத்து அந்த அம்மாவை இறக்கிவிடுவது நியாயமா? கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய், அதுவே 2023-ல்தான் வந்தது. அதற்காக யாரும் லட்சக்கணக்கில் இறைப்பதில்லை. போட்டதை எடுக்க வருகிறவர்களோடு மோத வேண்டியிருக்கும். எனக்கு நம்பிக்கை இல்லை.

---

பழைய பூத் ஏஜென்ட் எழுதியது:

தம்பி, பணம் வருவதை நான் மறுக்கவில்லை. கொடுப்பது போலவே வாங்குவதும் குற்றம்தான், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 173-வது பிரிவில் ஓராண்டு வரை தண்டனை இருக்கிறது. ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு மூன்று பேர் பணம் கொடுக்கும்போது வாங்குகிறவர்கள் எல்லாரிடமும் வாங்குகிறார்கள். அப்புறம் யாருக்குப் போடுவது என்று யோசிக்கிறார்கள். அந்த யோசனையில் தெரிந்த முகத்துக்கு இடம் இருக்கிறது. எல்லா வார்டிலும் இது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். சில வார்டுகளில் பணமே முடிவு செய்கிறது, அதுவும் உண்மைதான். அங்கே நின்றால் தோற்க வேண்டியதுதான். தன் வார்டு எப்படிப்பட்டது என்று அந்த அம்மாவுக்குத் தெரியும்.

---

தேவனாம்பட்டினம் அலை எழுதியது:

அக்கா, எங்கள் பக்கத்து நிலவரம் கொஞ்சம் வேறு. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு மாதிரி மீனவர் பகுதி உங்கள் வார்டில் கொஞ்சம் வந்தாலும் இதைக் கவனியுங்கள்.

காலையில் ஓட்டுக் கேட்க வராதீர்கள். ஆண்கள் விடியும் முன்னே கடலுக்குப் போயிருப்பார்கள், பெண்கள் மீன் கூடையோடு துறைமுகத்திலோ சந்தையிலோ இருப்பார்கள். மத்தியானம் தாண்டி, வலையைச் சீர் பார்க்க உட்காரும் நேரத்தில் வாருங்கள். அதைவிட நல்லது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகில் போகும் ஆண்கள் ஊரில் இருப்பார்கள், நேரமும் இருக்கும். ஆனால் அந்த 61 நாளில் அவர்கள் வீட்டில் மீன்பிடி வருமானம் இருக்காது. அதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஊர்ப் பஞ்சாயத்து என்று ஒன்று இருக்கிறது. சில ஊர்களில் இந்த முறை யாருக்கு என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போகாதீர்கள், முதலில் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு அப்புறம் வீடுகளுக்குப் போங்கள். அதே சமயம் அந்தக் கூட்டத்தில் பெண்கள் குரல் பெரும்பாலும் இருக்காது. மீன் விற்கும் பெண்களோடு நீங்கள் பேசுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளுக்குப் பட்டா, குடிநீர், மீன் கழுவும் இடத்தில் வடிகால், உட்கார்ந்து விற்க நிழல், கழிப்பறை. இவற்றில் பட்டா தவிர மற்றவை நேராக மாநகராட்சி வேலை. இதைப் பேசுங்கள், காது கொடுப்பார்கள்.

---

வண்டிப்பாளையம் ஆசிரியை எழுதியது:

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. நம் மாநகராட்சியின் முதல் மேயரே ஒரு பெண்தான், சுந்தரி ராஜா. ஆனாலும் எத்தனையோ ஊர்களில் கவுன்சிலர் ஒருவர், வேலை பார்ப்பது அவர் வீட்டுக்காரர் என்ற நிலை இருக்கிறது. கூட்டத்துக்கு வெளியே போனை எடுப்பவர் அவர், அதிகாரியிடம் பேசுபவர் அவர். உங்கள் தெரு வேட்பாளரும் அப்படித்தானோ என்ற சந்தேகத்தோடு மக்கள் உங்களைப் பார்ப்பார்கள்.

அதனால் முதல் நாளிலிருந்தே சிலவற்றை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் உங்கள் போன் எண் மட்டும் இருக்கட்டும், நீங்களே எடுங்கள். வீட்டு ஆண்கள் பிரசாரத்துக்கு வரட்டும், தாராளமாக வரட்டும், ஆனால் வாசலில் பேசுவது நீங்களாக இருங்கள். தெருமுனையில் நின்று கேட்பவர் "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டால் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுத் தெருவில் தண்ணீர் நிற்கும் பேச்சுக்கு வந்துவிடுங்கள்.

மாலையில் தனியாகப் போகாதீர்கள், எப்போதும் மூன்று பேராகப் போங்கள். அவதூறு வரும், வாட்ஸ்அப்பில் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேமித்து, தேர்தல் அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுங்கள். குழுவில் பதிலுக்குப் பதில் எழுத ஆரம்பித்தால் பத்து நாளும் அதிலேயே போய்விடும்.

---

உழவர்கரை நண்பன் எழுதியது:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். இந்த உரையாடலைப் படிக்கும்போது ஏக்கமாக இருக்கிறது.

எங்களுக்கு நகராட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது, அதன் பிறகு 2006-ல்தான். 2011-ல் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி நடத்தவில்லை. 2021-ல் தேதி அறிவித்தார்கள், இடஒதுக்கீட்டில் சிக்கல் என்று நீதிமன்றம் வரை போய் நின்றுவிட்டது. புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று ஐந்து நகராட்சி, கிராமப்புறங்களுக்குப் பத்து கொம்யூன் பஞ்சாயத்து. பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1880-லேயே நகராட்சி கண்ட ஊர் இது. 2006-ல் 17 வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று 35 தாண்டிவிட்டது. அவர் வாழ்நாளில் ஒரு கவுன்சிலருக்குக்கூட ஓட்டுப் போட்டதில்லை.

கவுன்சிலர் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டும். சாக்கடை அடைத்தால் எம்எல்ஏவிடம் போகிறோம். அவர் சட்டமன்றம் பார்ப்பாரா, எங்கள் தெருச் சாக்கடை பார்ப்பாரா? நகராட்சி பட்ஜெட் போடுவது அதிகாரிகள், அதை எதிர்த்து ஒரு கேள்வி கேட்க ஓட்டு வாங்கிய ஆள் ஒருவரும் உள்ளே இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் எங்கள் மீது கரையேறியபோது எந்தத் தெருவில் முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு முதலில் படகு போக வேண்டும் என்று சொல்ல வார்டுக்கு ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்.

அம்மா, தோற்றாலும் பரவாயில்லை, நில்லுங்கள். நிற்கும் வாய்ப்பாவது உங்களுக்கு இருக்கிறது.

---

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. புதுச்சேரி அண்ணன் எழுதியதைப் படித்தபின் தூக்கம் வரவில்லை.

ஒரு சந்தேகம். வெள்ளத்தைப் பற்றி என்ன வாக்குறுதி கொடுப்பது? 2015-ல் தண்ணீர் வந்தது, 2024 டிசம்பரில் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்து கடலூர் பக்கம் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கிறது. "கெடிலத்துக்குக் கரை கட்டுவேன்" என்று எழுதச் சொல்கிறார்கள் தெருவில்.

---

பழைய பூத் ஏஜென்ட் எழுதியது:

எழுதாதீர்கள். ஆற்றுக் கரை நீர்வளத் துறையின் பொறுப்பு. கவுன்சிலர் தீர்மானம் போடச் சொல்லலாம், கட்ட முடியாது. மின்கம்பம் மின்வாரியம், ரேஷன் கடை உணவு வழங்கல் துறை, டாஸ்மாக் கடையை மாற்றுவது மாவட்ட நிர்வாகம், பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறை. இவற்றை வாக்குறுதியாக எழுதினால் ஆறே மாதத்தில் பொய்யாகிவிடும்.

உங்கள் கையில் இருப்பது: மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, குடிநீர், உட்தெருச் சாலை, பூங்கா, சந்தை, சொத்துவரி. வெள்ளத்தில் உங்கள் தெருப் பங்கு என்ன என்று பாருங்கள். ஆற்றுத் தண்ணீர் ஏறியதா, அல்லது மழைநீர் வடிய வழியில்லாமல் நின்றதா? பெரும்பாலான தெருக்களில் இரண்டாவதுதான். எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே மேலே படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள், கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று நடந்து பார்த்துக் கையால் ஒரு வரைபடம் போடுங்கள். "செப்டம்பர் முடிவதற்குள் இந்த வாய்க்கால் தூர்வாரப்படவில்லை என்றால் மன்றக் கூட்டத்தில் கேட்பேன்" என்று தெருப் பெயரோடு எழுதுங்கள். ஓட்டுப் போடுகிறவர் தன் வாசல் வாய்க்காலை நோட்டீஸில் பார்த்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

சொத்துவரி பற்றியும் கேட்பார்கள், தயாராக இருங்கள். 2022-ல் தேர்தல் முடிந்து புது மன்றங்கள் வந்த சில வாரத்திலேயே, ஏப்ரலில், மாநிலம் முழுக்கச் சீராய்வு அறிவித்தார்கள், 25 முதல் 150 சதவீதம் வரை. முடிவு மாநில அரசுடையது, ஆனால் தீர்மானம் மன்றத்துக்கு வந்தது. "வரியைக் குறைப்பேன்" என்று சொல்லாதீர்கள். "வீட்டின் அளவு தப்பாகப் பதிவாகி இருந்தால் மேல்முறையீடு எழுதித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அதை இப்போதே செய்ய முடியும்.

அப்புறம் பகுதி சபை, கிராம சபை மாதிரி வார்டுப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம். 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களிலும் அது நடக்கிறது. கிராம சபை அளவுக்கு யாரும் கண்டுகொள்வதில்லை, பல இடங்களில் நாற்காலிதான் இருக்கும். உங்கள் பகுதியில் அடுத்தது எப்போது என்று கேட்டு, அந்த ஏழெட்டுப் பேரும் போய் உட்காருங்கள், கோரிக்கையை எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். போன முறை கொடுத்தது என்ன ஆயிற்று என்று அடுத்த முறை கேளுங்கள். தேர்தல் வரும்போது தேதி போட்ட மனு நகல்கள் உங்களிடம் ஒரு கட்டு இருக்கும். எதிரில் நிற்பவரிடம் அது இருக்காது.

---

புதுப்பாளையம் வாசி எழுதியது:

கரை விஷயத்தில் பெரியவரோடு முழுக்க உடன்படுகிறேன். பணம் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் நிற்பதாக முடிவு செய்தால் 85,000-ஐ முழுவதும் செலவழிக்கத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நகரத்தில் சுவரில் எழுதுவதும் ஒட்டுவதும் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படியே தடை, அந்தச் செலவு மிச்சம். ஆட்டோ மைக்குக்கு அனுமதி வாங்க வேண்டும், கடைசி நான்கு நாள் வைத்தால் போதும். பிட் நோட்டீஸ் இரண்டு தடவை, சின்னம் வருமுன் ஒன்று, வந்த பின் ஒன்று. இரண்டிலும் அச்சகத்தின் பெயர், முகவரி, எத்தனை பிரதி என்று அச்சிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் புகார் போடுவார்கள். பூத் ஸ்லிப் எழுத ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்.

---

கெடிலக்கரை எழுதியது:

நேற்று மாலை நான்கு பேர் சேர்ந்து மூன்று தெருவின் வாய்க்காலைப் பின்தொடர்ந்து நடந்தோம். ஒரு இடத்தில் வாய்க்கால் காணாமலே போய்விட்டது, மேலே சிமென்ட் பலகை போட்டு வண்டி நிறுத்தியிருக்கிறார்கள். வரைபடம் பாதி ஆகியிருக்கிறது. நோட்டீஸின் முதல் வரியை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"இந்த வார்டில் மழைநீர் நிற்கும் இடங்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் மாநகராட்சியில் மனு கொடுத்த தேதி பக்கத்தில் இருக்கிறது."

---

வண்டிப்பாளையம் ஆசிரியை எழுதியது:

நன்றாக இருக்கிறது, மாற்றாதீர்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், வயதானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும். சிமென்ட் பலகை போட்டவர் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள், அவரும் உங்கள் வாக்காளர். நேரில் போய்ப் பேசிப் பாருங்கள், தூர்வார ஆள் வரும் அன்றைக்கு மட்டும் பலகையை எடுத்துத் தர ஒப்புக்கொள்வார்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மனு நகல்களில் அலுவலக முத்திரையும் பெறப்பட்ட தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவற்றை இந்த வாரமே மறுபடி கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள். முன்மொழிபவர் பெயரைப் பட்டியலில் பாகம் எண், வரிசை எண்ணோடு குறித்து வைத்தாயிற்றா?

---

கெடிலக்கரை எழுதியது:

எங்கள் வார்டில் ஆயிற்று. பக்கத்து வார்டில் ஒரு அக்கா சம்மதித்திருக்கிறார், அவர் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறது. நாளைக்குத் திருத்தப் படிவம் கொடுக்கிறோம்.